வீணாக ஒரு பட்டன்

கேம் விமர்சனத்தில் மூன்றாவது குறைக்கு வந்ததும் மெய்யம்மையின் பேனா நின்றது.

"'ஒரு பட்டன் வீணாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. செருப்பைக் கழற்றுவதைத் தவிர அதனால் எந்தப் பயனும் இல்லை.'" வாய்விட்டே படித்தாள். "கழட்டிப் பாத்தீங்களா சார்?"

"ஆரம்பத்துல ஒரு தடவை பாத்தேன் மேடம். பாயின்ட் ஏறல. கதவு திறக்கல. செருப்பு வாசல்ல கெடந்துச்சு, அவ்வளவுதான்."

அருமைநாயகம் அவளைவிட இருபது வயது மூத்தவர். நாசரேத்தில் இருபத்தெட்டு வருடம் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்ற பிறகுதான் வீடியோ கேம் பழகினார். மெய்யம்மையின் இதழில் வரும் கேம் விமர்சனங்களில் தப்புக் கண்டுபிடித்து வாரம் ஒரு கடிதம் எழுதுவார். பதினெட்டாவது கடிதத்துக்கு அவள் ஒரே வரியில் பதில் போட்டாள்: நேரில் வந்து எழுதுங்கள். பெட்டியோடு திருச்சிக்கு வந்து இறங்கிவிட்டார். இரண்டு வருடமாக அவள் சொல்லிக்கொடுக்கிறாள், அவர் கற்றுக்கொள்கிறார்.

இதுவரை அவர் எழுதிய எதுவும் அவர் பெயரில் வந்ததில்லை. இன்றைக்கு மெய்யம்மை கையெழுத்துப் போட்டால் ஆறாம் பக்கத்தில் பெயர் வரும். ஊரில் நாற்பது பேருக்குச் சொல்லிவைத்திருந்தார்.

அந்தப் பக்கத்துக்கு மாறாத ஓர் அமைப்பு உண்டு. இடது பக்கம் நிறை, வலது பக்கம் குறை, அடியில் பத்துக்கு ஓர் எண். 'பதினோரு வீடு' என்ற அந்த கேமுக்கு அவர் போட்டிருந்தது நான்கு.

கதை சின்னதுதான். காணாமல் போன அண்ணனைத் தேடி ஒருவன் ஆற்றங்கரை ஊர் ஒன்றுக்கு வருகிறான். பதினோரு வீட்டிலும் நுழைந்து துப்புத் தேட வேண்டும். அவன் கண்ணில் படுவதுதான் நமக்கு ஸ்கிரீனில் தெரியும். செங்கோட்டைப் பக்கம் ஒரு பெண் தனியாளாக ஆறு வருடம் உட்கார்ந்து செய்தது.

மழை நன்றாகப் பெய்கிறது, படம் எங்கும் திணறவில்லை. இவை நிறைகள். ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் "வாங்க, உக்காருங்க" என்ற ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள் என்பது முதல் குறை. நாம் நின்ற பிறகும் பின்னால் ஒரு காலடிச் சத்தம் கூடுதலாகக் கேட்கிறது, ஒலிப்பிழை. இது இரண்டாவது.

"ஒண்ணு கேக்கணும் மேடம்" என்றார் அருமைநாயகம். "பரீட்சைத் தாள்ல விடை தப்புன்னா தப்பு. சந்தேகமே கிடையாது. இதுல எது கேமோட குறை, எது ஆடுறவனோட குறைன்னு எப்படிப் பிரிக்கிறது?"

மெய்யம்மை தாளை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள். கையெழுத்துப் போடுமுன் எழுதியவர் கேமை விட்ட இடத்தைப் போய் ஒரு தடவை பார்ப்பது அவள் வழக்கம். அவர் பின்னால் போனார்.

ஸ்கிரீனில் ஊர்த் தெரு அசையாமல் நின்றது. மழைக்கோடுகள் பாதியில் தொங்கின.

"எழுந்து போறப்பல்லாம் இப்படி நிறுத்தி வச்சிட்டுத்தான் போவீங்களா?"

"தண்ணி குடிக்கப் போனாக்கூட. அப்பத்தானே நேரம் சுத்தமா வரும்? ஆறு மணி பதினேழு நிமிஷம். பதினோரு வீடும் முடிச்சாச்சு."

"ஓட விடுங்க. விட்டுட்டு கன்ட்ரோலரைக் கீழ வைங்க."

"எவ்வளவு நேரம்?"

"கடலை தீர்ற வரைக்கும்."

மடியில் ஒரு பொட்டலம் வேர்க்கடலையை வைத்துக்கொண்டு அவள் உரிக்க ஆரம்பித்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வெளியே நல்ல வெயில். கீழே கண்ணாடிக் கடையில் யாரோ பேரம் பேசுவது கேட்டது.

ஸ்கிரீனில் மழை பெய்தது. தெரு காலியாக இருந்தது. ஐந்து நிமிடம் போயிற்று. அருமைநாயகத்தின் கட்டைவிரல் தானாகத் துடித்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"இது வேலைக்காகாது மேடம். இதுல ஒண்ணுமே..."

"கடலை இருக்கு சார்."

இருபது நிமிடம் ஆகியிருக்கும். மழை நின்றது. கேமில் மழை நின்று அவர் பார்த்ததில்லை.

முதல் வீட்டுக் கதவு கொஞ்சம் திறந்தது. அந்த வீட்டுப் பெண் தலையை மட்டும் நீட்டிப் பார்த்தாள். பிறகு எதிர் வீட்டுத் தச்சர். பிறகு ஒவ்வொருவராக எல்லா வீட்டிலிருந்தும். யாரும் அவசரப்படவில்லை. வந்து ஸ்கிரீனுக்கு மறுபக்கம் அரைவட்டமாக நின்றார்கள். அவர்கள் பேச்சு எழுத்தாகக் கீழே ஓடியது.

"போயிட்டாரா?"

"இல்ல. நிக்கிறாரு."

தச்சர் கிட்ட வந்தார். முகம் ஸ்கிரீனை நிறைத்தது. இடமும் வலமுமாகப் பார்த்தார்.

"கண்ணு திறந்துதான் இருக்கு. கை மட்டும் ஓஞ்சிருச்சு."

அருமைநாயகம் தொடைக்கடியில் இருந்த கைகளை இன்னும் உள்ளே தள்ளினார். மெய்யம்மை கடலை உரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

"உங்க வீட்டுக்கு வந்தாரா?"

"வந்தாரு. உக்காருங்கன்னேன். பெட்டியைத் திறந்து பாத்துட்டுப் போயிட்டாரு."

"எங்க வீட்டுலயும் அப்படித்தான். அவரு அண்ணனைப் பத்திச் சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். உக்காந்தாத்தானே சொல்ல முடியும்?"

"நான் பின்னாலயே நடந்து பாத்தேன். அவரு நின்னா நானும் நின்னேன். திரும்பவே இல்ல."

"செருப்போட வந்தாரு, அம்மா படுத்துக் கெடந்த அறைக்குள்ள."

அவர்கள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் கண் சிமிட்டவில்லை.

"எல்லாம் குறையாவே சொல்றீங்களே" என்றாள் முதல் வீட்டுப் பெண். "நல்லதும் சொல்லணுமில்ல? அதுதானே முறை."

"வேகமா நடக்கிறாரு."

"ம்."

"கதவை மூடிட்டுப் போனாரு. எல்லாக் கதவையும்."

"ஆமா. அது இருக்கு."

தச்சர் அடுப்புக்கரித் துண்டு ஒன்றை எடுத்தார். முதல் வீட்டுச் சுவரில் நடுவே ஒரு கோடு கிழித்தார். இடது பக்கம் இரண்டு வரி. வலது பக்கம் எழுதிக்கொண்டே போனார். மற்றவர்கள் அவரைச் சூழ்ந்து நின்றார்கள். கடைசியில் அவர் குனிந்து சுவரின் அடியில் ஏதோ எழுதத் தொடங்கினார். முதுகு மறைத்தது.

அருமைநாயகம் முன்னால் சாய்ந்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். ஒன்றும் தெரியவில்லை. இரண்டடி தள்ளிப் போனால் தெரிந்துவிடும். கன்ட்ரோலரை எடுத்தார்.

விரல் பட்டதும் மழை பெய்தது. தெருவில் யாரும் இல்லை. பதினோரு பேரும் அவரவர் வாசலுக்குப் போயிருந்தார்கள். சுவர் வெள்ளையாக இருந்தது.

"வாங்க, உக்காருங்க" என்றாள் முதல் வீட்டுப் பெண்.

"சுவத்தைப் பாக்கலாம்னுதான்..." என்றார் அவர்.

பக்கம் கட்டும் கபீர் கதவில் தலையை நீட்டினார். "ஆறாம் பக்கம் என்னாச்சு? வாத்தியார் இன்னும் தாள் திருத்துறாரா? அச்சகத்துக்காரன் மூணு தடவை போன் போட்டுட்டான். போட்டோ வேற சிரிச்சமாதிரி எடுத்துக் குடுத்திருக்காரு, அதுக்காவது இடம் வேணும்."

யாரும் சிரிக்கவில்லை. கபீர் ஸ்கிரீனைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார். "என்ன, கரன்ட் கிரன்ட் அடிச்சிருச்சா?"

"ரெண்டு நிமிஷம் கபீர்."

அவர் போனதும் மெய்யம்மை மடியிலிருந்த தோலைத் தட்டிவிட்டாள். தாளைச் சமமாக வைத்துப் பேனாவைத் திறந்தாள்.

"நீங்க எழுதினதுல பொய் ஒண்ணும் இல்ல சார். நீங்க பாத்ததைத்தான் எழுதியிருக்கீங்க. கையெழுத்துப் போடட்டுமா?"

நாற்பது பேரும் நாளைக்குக் காலையில் ஆறாம் பக்கத்தைத் திருப்புவார்கள். அவர் தாளைப் பார்த்தார். கோடு, இரண்டு பக்கம், அடியில் எண். தன் கையெழுத்துத்தான். சுவரில் பார்த்த மாதிரியே இருந்தது.

"மேடம், எத்தனை போட்டாங்க? உங்க பக்கத்துலேர்ந்து தெரிஞ்சுதா?"

"அவங்க இன்னும் திருத்தி முடிக்கல சார்."

அருமைநாயகம் பேனாவுக்கு அடியிலிருந்து தாளை மெல்ல உருவி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கபீர் அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டார். மெய்யம்மை எழுந்து போனாள். அந்த இடத்தில் ஏதாவது விளம்பரம் போடச் சொல்லும் குரல் கேட்டது.

அவர் மறுபடி கன்ட்ரோலரை எடுத்து ஸ்கிரீனில் ஊர்த் தெருவில் நடந்தார். முதல் வீட்டு வாசலில் நின்றார். நின்ற பிறகு பின்னால் ஓர் அடிச் சத்தம் கேட்டது.

அந்தப் பட்டனை அழுத்தினார்.