பக்கத்துக் கல்லறையின் மெழுகுவத்தி

அந்தக் காலத்தில், அதாவது காக்கையும் நரியும் பேசிக்கொண்ட காலத்துக்கு மிகவும் பிந்தி, ரயில் வண்டி புதிதாக ஓட ஆரம்பித்த நாட்களில், செங்கரை ஒரு பட்டணமாக வளர்ந்துகொண்டிருந்தது. ஆற்றோரத்தில் பஞ்சாலை கட்டினார்கள். ஆலைக்குப் பின்னால் சரக்கு வைக்கும் கிட்டங்கிகள் வந்தன. கட்டடம் என்றால் சுண்ணாம்பு வேண்டுமே. சுக்கான் கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கத் தெரிந்த பன்னிரண்டு குடும்பங்கள் தெற்கேயிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கின. அவர்கள் அத்தனை பேரும் கத்தோலிக்கர்கள். ஊர்க்காரர்கள் அவர்களை வேதக்காரர்கள் என்றார்கள். சுண்ணாம்புச் சூளையான காளவாசலை வைத்து, அவர்கள் குடியிருந்த இடத்தைக் காளவாசல் தெரு என்றார்கள்.

அந்தத் தெருக்காரர்கள் தங்கள் கையாலேயே கல் சுமந்து, தங்கள் சுண்ணாம்பையே குழைத்து, சூசையப்பருக்கு ஒரு சின்னக் கோவில் கட்டினார்கள். தெருவுக்கு மேற்கே இருந்த மேட்டைக் கிளுவை வேலி போட்டு வளைத்துக் கல்லறைத் தோட்டமாக்கினார்கள். குடும்பத்துக்கு இத்தனை குழி என்று அளந்து முளைக்குச்சி அடித்தார்கள். சாமியார் மாதம் ஒரு முறைதான் வருவார். மற்ற நாட்களில் செபம் சொல்ல மரியசந்தியாகு என்ற உபதேசியார் இருந்தார். தெருவுக்கு நாட்டாண்மை இன்னாசி. அவன் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

ஆலை ஓட ஆரம்பித்த பிறகு வேறு ஊர்களிலிருந்தும் வேதக்காரர்கள் வந்தார்கள். ஆலை கட்டிக்கொடுத்த லைன் வீடுகளில் தங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வந்தபோது அவர்களுக்கு வாசலுக்கு வெளியே ஓலைப் பந்தல் போட்டுக் கொடுத்தார்கள்.

“எந்த ஊரு, என்ன குலம்னு தெரியாது. உள்ள விட்டுட்டு அப்புறம் வெளிய அனுப்ப முடியுமா?” என்றான் இன்னாசி.

லைன்காரர்கள் எதிர்த்துப் பேசவில்லை. மழை பெய்தாலும் பந்தலிலேயே நின்று பூசை கண்டார்கள். அவர்களில் யாராவது இறந்தால் பரிசலில் ஏற்றி ஆற்றைக் கடந்து, அக்கரையில் நான்கு மைல் நடந்து, வேறொரு ஊர்க் கல்லறையில் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். இப்படி ஆறேழு வருஷம் போயிற்று.

ஒரு வருஷம் ஆடி மாதத்தில் ஆறு கரைபுரண்டு வந்தது. அதே வாரத்தில் வாந்திபேதியும் வந்தது. அது முதலில் லைனுக்குள்தான் நுழைந்தது. அங்கே முப்பது வீட்டுக்கு ஒரு கிணறு. காலையில் வேலைக்குப் போனவன் மாலையில் இல்லை. ஊரைச் சுத்தம் செய்ய வந்த அதிகாரிகள், உச்சிப்பொழுதுக்குள் அடக்கம் ஆகாத பிணங்களை வண்டியில் அள்ளிக்கொண்டு போய்ப் பெரிய குழி ஒன்றில் மொத்தமாகப் போட்டு மூடினார்கள்.

ராயப்பன் ஆலையில் நூல் சுற்றுகிறவன். அவன் மனைவி அருளாயி ஒரே இரவு கிடந்து விடிகிற நேரத்தில் கண்ணை மூடினாள். இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு பெண் பிள்ளைகள். பரிசல்காரன் வெள்ளத்தைக் காட்டிக் கையை விரித்துவிட்டான். ராயப்பன் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு, பாயில் சுற்றிய உடலைத் தூக்கியபடி காளவாசல் மேட்டுக்கு வந்தான்.

வேலிப் படலுக்கு முன்னால் தெருக்காரர்கள் கூடிவிட்டார்கள். நடுவில் இன்னாசி நின்றான்.

“ராயப்பா, உன்மேல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல. இந்த மேட்டை நாங்க அளந்து பிரிச்சாச்சு. உனக்கு ஒரு குழி கொடுத்தா நாளைக்கு லைன் பூராவும் வந்து நிக்கும்” என்றான்.

“நிக்கத்தான் செய்யும், ஐயா. லைன்ல இன்னும் மூணு பேர் கிடக்காங்க” என்றான் ராயப்பன். “வண்டி வந்துகிட்டிருக்கு. அவங்க கையில கிடைச்சா குழிக்குள்ள தள்ளிடுவாங்க. பேர் சொல்லி ஒரு செபம்கூட இருக்காது.”

உபதேசியார் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். “ஞானஸ்நானம் வாங்கினவதானே, நாட்டாமை...”

“நீங்க செபம் சொல்ல வந்தவரு, உபதேசியாரே. இடம் பிரிக்கிறது எங்க சோலி.”

உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டார். தூரத்தில் வண்டியின் மணிச்சத்தம் கேட்டது. ராயப்பன் பாயைக் கீழே வைக்கவும் மனமில்லாமல், தூக்கி நிற்கவும் பலமில்லாமல் நின்றான்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருத்தி முன்னால் வந்தாள். அவள் தெக்கிலாள், இன்னாசியின் மனைவி. அவர்களுக்கு ரொசலி என்று ஒரே மகள். நான்கு வருஷத்துக்கு முன் ஏழு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். மேட்டில் அவளுக்கு ஒரு சின்னக் கல் நட்டிருந்தது. அதன் பக்கத்தில் ஓர் ஆள் படுக்கும் இடத்தைத் தெக்கிலாள் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். சனிக்கிழமை தோறும் போய் அந்த வெற்றிடத்தில்தான் உட்காருவாள். “பயப்படாதே, அம்மா வந்துருவேன்” என்று கல்லைத் தொட்டுச் சொல்லிவிட்டு எழுந்து வருவாள்.

பாயிலிருந்து அருளாயியின் பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தெக்கிலாள் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு புருஷனிடம் கேட்டாள்.

“ரொசலி பக்கத்துல விட்டிருக்கிற இடம் யாரோடது?”

“உன்னோடது.”

“அதை இவளுக்குக் கொடுக்கறேன்.”

இன்னாசிக்கு முகம் கறுத்தது. “தெக்கிலா, யோசிச்சுப் பேசு. நம்ம பிள்ளை பக்கத்துல எவளோ ஒருத்தியையா படுக்க வைக்கப்போற?”

“எவளோ ஒருத்தியா? ரெண்டு பிள்ளைக்கு அம்மா.”

“நாளைக்கு உன்னை எங்க வைக்க?”

“அந்தக் கவலை எனக்கு எதுக்கு? அன்னைக்கு உயிரோட இருக்கிறவங்க பாத்துக்கட்டும்.”

சொல்லிவிட்டுப் படலைத் தள்ளி உள்ளே போனாள். வேலியோரம் கிடந்த மண்வெட்டியை எடுத்தாள். மகளின் கல்லுக்குப் பக்கத்தில் முதல் வெட்டு வெட்டினாள். நாட்டாண்மையின் மனைவியைக் கைநீட்டித் தடுக்க யாருக்கும் துணிவில்லை. இன்னாசி தடுத்திருக்கலாம். அவன் ஏனோ நின்ற இடத்திலேயே நின்றான்.

இரண்டு மூன்று வெட்டுக்குப் பிறகு ராயப்பனோடு வந்தவர்கள் மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்கள். தெக்கிலாள் காளவாசலுக்குப் போய் ஒரு கூடை சுண்ணாம்பு கொண்டுவந்து குழிக்குள் தூவினாள். உபதேசியார் செபம் சொன்னார். அருளாயியின் பெயரை வழக்கத்தைவிட உரக்கவே சொன்னார். வண்டி வந்து, பார்த்துவிட்டு, திரும்பிப் போயிற்று.

மறுநாள் தெருக்காரர்கள் கூடிப் பேசினார்கள். மேட்டில் தனக்கிருந்த பங்கைத் தெக்கிலாள் தானே விட்டுக்கொடுத்துவிட்டாள். ஆகையால் இனி அவளுக்கு அந்த வேலிக்குள் உரிமை இல்லை, அடக்கத்துக்கும் இல்லை, கல்லறைத் திருநாளுக்கும் இல்லை என்று முடிவானது. தீர்ப்பை நாட்டாண்மைதான் சொல்ல வேண்டும். இன்னாசி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். வீட்டுக்கு வந்தபோது தெக்கிலாள் சோறு போட்டு வைத்திருந்தாள். அவன் சாப்பிட்டான்.

இரண்டு நாள் கழித்து நோய் காளவாசல் தெருவுக்குள் வந்தது. வேலிக்கு முன்னால் நின்று தடுத்தவர்கள் இப்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தார்கள். சொந்தப் பிணத்தைத் தொடச் சொந்தக்காரனே பயந்தான். இன்னாசியின் தம்பி சின்னப்பன் இறந்தபோது தூக்க நாலு பேர் கிடைக்கவில்லை. இன்னாசி தெருமுனையில் போய் நின்றான். கூப்பிட வாய் வரவில்லை. லைனிலிருந்து ராயப்பன் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் மூன்று பேரோடு வந்து பாடையைத் தூக்கினான். குழியையும் அவர்களே வெட்டினார்கள்.

அதன்பிறகு மேட்டில் யார் யாரை எங்கே வைப்பது என்று கேட்க ஆளில்லை. முளைக்குச்சிகள் எப்போதோ மிதிபட்டுப் போயின. லைன்காரர்களும் தெருக்காரர்களுமாக நாற்பத்தோரு பேர் அந்த மாதத்தில் மண்ணுக்குள் போனார்கள். ஆவணி பிறந்ததும் நோய் வந்த வழியே போய்விட்டது. எஞ்சியவர்கள் காளவாசலில் மறுபடியும் நெருப்பு மூட்டினார்கள். ஆனால் தெக்கிலாளுக்குச் சொன்ன தீர்ப்பை மட்டும் யாரும் மறுபடி எடுத்துப் பேசவில்லை. அவரவருக்கு அவரவர் துக்கம். இன்னாசிக்கு அது நினைவில்லாமல் இல்லை. நாட்டாண்மை தன் வாக்கைத் தானே அழிப்பதா என்ற எண்ணம் அவனைக் கட்டிப்போட்டிருந்தது. சனிக்கிழமைகளில் தெக்கிலாள் வேலிவரை போய் நின்றுவிட்டு வருவதை அவன் பார்த்தான். பார்க்காததுபோல இருந்தான்.

ஐப்பசியில், இறந்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றும் கல்லறைத் திருநாள் வந்தது. சாமியார் வந்து காலையில் பூசை வைத்தார். முதல்நாள் பெய்த மழை நின்று, மேடெல்லாம் செம்மண் சேறாகக் கிடந்தது. பூசை முடிந்ததும் எல்லோரும் மெழுகுவத்தியோடு மேட்டுக்குப் போனார்கள். தெக்கிலாள் மட்டும் படலுக்கு வெளியே நின்றாள்.

மூத்த பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு, இளையவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ராயப்பன் வந்தான்.

“தாயி, உள்ள வரலியா?”

“வரக்கூடாதுன்னு தீர்ப்பு, தம்பி.”

“அப்போ பிள்ளைக்கு?”

“இங்கயே ஏத்திட்டுப் போறேன். அவளுக்குத் தெரியும்” என்றாள். அன்றைக்கு மண்வெட்டியை எடுத்தபோது கலங்காதவள் இன்றைக்கு முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

ராயப்பன் உள்ளே போனான். அவன் கையில் இருந்தது ஒரே ஒரு மெழுகுவத்தி. அருளாயியின் மண்மேட்டுக்கு முன்னால் வந்து நின்றான். பிறகு ஓரடி தள்ளிப்போய், ரொசலியின் கல்லுக்கு முன்னால் மண்டியிட்டு, அதை அங்கே ஏற்றி வைத்தான். பெண் பிள்ளைகள் இரண்டும் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டன. அருளாயியின் மேடு வெறுமனே கிடந்தது.

இன்னாசி தன் மகளுக்கு ஏற்ற வந்தான். அவளுடைய கல்லில் ஏற்கெனவே சுடர் ஆடிக்கொண்டிருந்தது.

“இது யார் ஏத்தினது?”

“நான்தான், ஐயா.”

“உன் பொஞ்சாதிக்கு?”

“ஒண்ணுதான் இருந்துச்சு. இவளுக்கு ஆள் இருக்கு, நான் இருக்கேன். பாப்பாவுக்கு ஏத்தவேண்டிய ஆள் வெளியில நிக்குதே.”

சுற்றியிருந்தவர்கள் செபத்தை நிறுத்திவிட்டு இன்னாசியைப் பார்த்தார்கள். சாமியாரும் பார்த்தார், உபதேசியாரிடம் என்ன விஷயம் என்று மெல்லக் கேட்டார். உபதேசியார் சொல்ல ஆரம்பிப்பதற்குள் இன்னாசி சேற்றில் மண்டியிட்டான். மகளுக்கென்று கொண்டுவந்த மெழுகுவத்தியை அவளுடைய சுடரிலேயே பற்றவைத்து, அருளாயியின் மேட்டில் நட்டான். காற்றுக்கு அணையாமல் கையைக் குவித்துப் பிடித்தான்.

பிறகு எழுந்து, முழங்காலில் அப்பிய சேற்றோடு படலுக்கு நடந்தான்.

“தெக்கிலா, உள்ள வா.”

“தீர்ப்பு இருக்கே.”

“நான் சொன்ன தீர்ப்பு. நான் சொன்னது தப்பு.”

இதை அவன் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான். நாட்டாண்மையின் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை அந்தத் தெரு அதுவரை கேட்டதில்லை.

தெக்கிலாள் உள்ளே வந்தாள். மகளின் கல்லைத் தொட்டாள். அங்கே வெளிச்சம் இருந்தது. பக்கத்து மேட்டிலும் இருந்தது. வேலியோரத்தில், லைனுக்கு வந்த புதிதிலேயே அந்த நோயில் செத்துப்போன, ஊர் பேர் தெரியாத ஒருவனின் மேடு சுடரில்லாமல் கிடந்தது. தன் மெழுகுவத்தியைக் கொண்டுபோய் அங்கே ஏற்றினாள்.

அதைப் பார்த்துச் சின்னப்பனின் விதவை, தன் புருஷனுக்குக் குழி வெட்டியவர்களில் ஒருவனின் பிள்ளை கிடக்கும் இடத்தைத் தேடிப் போனாள். லைன் பெண்கள் காளவாசல் குடும்பத்துக் கல்லறைகளுக்கு வந்தார்கள். எல்லோரும் அப்படிச் செய்தார்கள் என்று சொல்வதற்கில்லை. இரண்டு குடும்பத்தார் தங்கள் மெழுகுவத்தியைத் தங்கள் கல்லறையிலேயே ஏற்றிவிட்டு, யாரிடமும் பேசாமல் போனார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் அந்த மனத்தாங்கல் தீர்ந்தது. கோவில் வாசலில் இருந்த ஓலைப் பந்தலைப் பிரிக்கவும் இன்னும் மூன்று வருஷம் ஆயிற்று.

தெக்கிலாள் நெடுநாள் இருந்தாள். அவள் காலமானபோது மேடு நிறைந்துவிட்டிருந்தது. பட்டணத்தின் கிழக்கே புதிதாக வாங்கிய நிலத்தில், முன்பின் அறியாத ஒரு ரயில்வே தொழிலாளியின் பக்கத்தில் அவளை அடக்கம் செய்தார்கள்.

இன்றைக்குச் செங்கரையில் ஏழு கோவில்கள் இருக்கின்றன. கல்லறைத் திருநாளன்று அங்கே யாரும் நேரே தம் வீட்டார் கல்லறைக்குப் போவதில்லை. முதல் மெழுகுவத்தியை முன்பின் தெரியாத யாருக்காவது ஏற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் தம்முடையவர்களிடம் வருகிறார்கள். இன்னாசி சேற்றில் மண்டியிட்ட அந்த ஐப்பசிக் காலையிலிருந்துதான் இந்த வழக்கம்.