இடப்பக்க லீவர்

"மலைக்கு ஏற்ற பல்சக்கரம் எது, டாக்டர்?" என்று கேட்டார் தில்லைநாயகம்.

வயதில் அவர்தான் மூத்தவர். சேலத்தில் ஒரு கல்லூரியில் தர்க்கவியல் நடத்துகிறவர். ஹெப்சிபா பல் மருத்துவர். ஆனால் ஞாயிறுதோறும் ஏற்காட்டுக்கு சைக்கிள் மிதிக்கும் கூட்டத்துக்கு ஹெப்சிபாதான் தலைவி. அந்தக் கூட்டத்தில் தில்லைநாயகம் சீடர்.

அவருடைய பழைய மலைச் சைக்கிளில் மிதிகட்டை அருகே மூன்று பல்சக்கரங்கள். மாற்றிக்கொள்ள இடப்பக்கம் ஒரு லீவர். கடைசி ஏற்றத்தில் சின்னச் சக்கரத்துக்கு மாற்ற அதை அழுத்துவார். செயின் கழன்று விழும். இறங்கித் தள்ளுவார்.

இந்த முறையும் இறங்கினால் சைக்கிளை மச்சினனுக்கே கொடுத்துவிடுவதாக வீட்டில் சொல்லியிருந்தார். மச்சினன் இப்போதே பம்பு வாங்கி வைத்துவிட்டான்.

ஹெப்சிபா ஸ்பானரை எடுத்தார். மூன்று சக்கரங்களையும் கழற்றினார். செயினைத் தள்ளும் தகட்டையும், அதை இழுக்கும் கேபிளையும் உருவினார். செயின் கழலாதபடி பற்கள் நெட்டையான புதுச் சக்கரம் ஒன்றை மாட்டி, செயினைக் குறைத்து இணைத்தார்.

"ஒன்றுதானா?"

"ஒன்றுதான்."

"மற்றதெல்லாம்?"

"சொத்தை சார். பிடுங்கியாச்சு."

ஏற்றத்துக்கு வேறு, சமதளத்துக்கு வேறு என்பதுதானே முறை என்று தில்லைநாயகம் வாதாடிப் பார்த்தார். பின்சக்கரத்து கியர்களே போதும் என்று முடித்துக்கொண்டார் ஹெப்சிபா. அவர் லீவரையும் கழற்றக் கைவைத்தபோதுதான் சீடர் பதறினார்.

"அது மட்டும் இருக்கட்டும் டாக்டர். கைக்கு ஒரு தைரியம்."

ஹெப்சிபா அவரை ஒருமுறை பார்த்தார். விட்டுவிட்டார்.

ஞாயிறு. அதே கடைசி ஏற்றம். பின்னால் இருந்த கியர்கள் தீர்ந்துவிட்டன. மூச்சும் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. ஒரு கால் இறங்கத் தயாரானது.

கட்டைவிரல் தானாகப் போய் லீவரை அழுத்தியது.

டக்.

மிதி லேசாயிற்று. செயின் விழவில்லை. வளைவு திரும்பினார். தூரத்தில் ஏரி பளபளத்தது.

டீக்கடை வாசலில் கூட்டம் கைதட்டியது. தில்லைநாயகம் முதல் வேலையாக மச்சினனை ஃபோனில் பிடித்து, அந்தப் பம்பைத் தன் வீட்டில் கொடுத்துவிடச் சொன்னார். பிறகு ஹெப்சிபாவிடம் ஓடினார்.

"அந்த ஏற்றத்தில் சின்னதுக்கு மாற்றினேன் டாக்டர். என்ன சுகம் தெரியுமா..."

நின்றார். குனிந்து பார்த்தார். ஒரே சக்கரம். லீவரைத் தொட்டுப் பார்த்தார். கேபிள் இல்லை.

தர்க்கவியல் கைகொடுக்கவில்லை.

"அப்போது நான் மாற்றியது எதை?"

ஹெப்சிபா டீ கிளாஸை வைத்துவிட்டு, தன் சைக்கிளை அவர் பக்கம் திருப்பினார். அதிலும் முன்னால் ஒரே சக்கரம். இடப்பக்கம் கேபிள் இல்லாத ஒரு லீவர், விரல் பட்டுப் பட்டு வழவழவென்று தேய்ந்திருந்தது.

"எனக்கும் அதே இடத்தில்தான் சார்." கட்டைவிரலால் அதை அழுத்திக் காட்டினார்.

டக்.