இலவங்காய் மந்திரவாதி

கோடை வந்து மற்ற குட்டைகள் எல்லாம் வறண்டுபோனதால், ஆனைமடு என்ற ஒரே குளத்துக்குக் காடே வரிசை கட்டி நின்றது. பெரியநாச்சி என்ற யானைதான் முதலில் இறங்குவாள். அவளுக்குப் பின்னால் காட்டெருமைகள், மான்கள், காட்டுப்பன்றிகள் என்று பெரியவர்கள் எல்லாம் குடித்து முடிப்பார்கள். கடைசியில்தான் துணுக்கன் என்ற சருகுமானின் முறை வரும். முயல் உயரம்தான் இருப்பான், பாவம். அவன் போய்ச் சேரும்போது கரையோரம் முழுக்கச் சேறாகக் கிடக்கும். அதைப் பல்லால் வடிகட்டி நாலு வாய் குடித்துவிட்டு, நாக்கில் மண்ணோடு திரும்பிவருவான்.

பகலெல்லாம் அவன் ஓர் இலவமரத்தடியில் படுத்துக்கிடப்பான். அப்படிச் சும்மா கிடந்ததில் ஒரு விஷயம் அவனுக்குப் பிடிபட்டது. வெயில் ஏறினால் முற்றிய இலவங்காய் வெடிக்கும். வெடிப்பதற்குச் சற்று முன்னால் 'கிறிச்' என்று ஒரு மெல்லிய சத்தம் கேட்கும். அது அவன் காதுக்கு மட்டும்தான் எட்டும்.

ஒருநாள் கோரையன் என்ற காட்டுப்பன்றி நிழலுக்கு ஒதுங்கியது. மேலே 'கிறிச்' என்றது. துணுக்கனுக்கு ஒரு குறும்பு தோன்றியது. முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு, "அண்டம் கிண்டம் அவரைப் பிண்டம், வெடி!" என்றான்.

டப்! காய் வெடித்தது. பஞ்சு மிதந்து வந்து கோரையனின் மூக்கில் உட்கார்ந்தது. கோரையனும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது.

"சாமி!" என்றது.

சிரித்துவிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் துணுக்கன் நினைத்தான். ஆனால் அவனை அதுவரை யாரும் சாமி என்று கூப்பிட்டதில்லை. "தள்ளுடா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் கண்களை மூடிக்கொண்டு, இது ரொம்பச் சின்ன மந்திரம், பெரிய மந்திரங்களை வெளியில் எடுத்தால் காடு தாங்காது என்று சொல்லிவைத்தான்.

கோரையனின் வாய் சும்மா இருக்குமா? மறுநாள் உச்சிவெயிலில் இலவமரத்தடியில் கூட்டம் அலைமோதியது. துணுக்கன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். கிறிச் கேட்டது, கால் உயர்ந்தது, காய் வெடித்தது. ஆறு காய்கள், ஆறு தடவை! முள்ளம்பன்றிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துப்போய் மூன்று நாள் படியவே இல்லை.

வேறு என்ன தெரியும் என்று ஒரு மான் கேட்டது. பக்கத்தில் கிடந்த பாறையைத் துணுக்கன் தாடையால் காட்டினான். போன வருஷம் வரைக்கும் அது ஒரு புலி, அவனிடம் கொஞ்சம் மரியாதைக் குறைவாகப் பேசிவிட்டது, அவ்வளவுதான் என்றான். அன்றிலிருந்து அந்தப் பாறையைக் கடக்கும்போதெல்லாம் காட்டெருமைகள் தலை குனிந்து கும்பிட்டுவிட்டுப் போயின. புளுகுக்கு இவ்வளவு மரியாதையா என்று துணுக்கனுக்கே தலை கிறுகிறுத்தது.

அவனுக்கு வேண்டியதெல்லாம் வரிசையில் கொஞ்சம் முன்னால் ஓர் இடம். ஆனால் பெரியநாச்சியே நேரில் வந்து, இனி ஆனைமடுவில் முதல் வாய் தண்ணீர் சாமிக்குத்தான் என்று சொல்லிவிட்டாள். சொன்னதோடு, "அப்பாடா" என்று பெருமூச்சும் விட்டாள். அந்தப் பெருமூச்சு எதற்கு என்று துணுக்கன் யோசிக்கவில்லை. அன்று முழுவதும் அவன் தெளிந்த தண்ணீரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் பஞ்சு மாலையெல்லாம் போட்டு அவனைக் குளத்துக்கு அழைத்துவந்தார்கள். கண்ணாடி மாதிரி தண்ணீர்! சேறு இல்லை, இலை இல்லை, அடியில் மணல் தெரிந்தது. திரும்பிப் பார்த்தான். எல்லோரும் இருபது அடி பின்னாலேயே நின்றுவிட்டார்கள்.

"ஏன் அங்கேயே நிக்கிறீங்க?"

"முதல்ல எறங்குறவங்கதானே, சாமி, முதலையை அக்கரைக்கு வெரட்டணும்?" என்றது கோரையன். "நீங்க வெரட்டுங்க, நாங்க பின்னாலயே வந்துடுறோம்."

துணுக்கன் இரண்டு அடி பின்வாங்கினான். குளத்தில் கட்டையன் என்று ஒரு முதலை இருப்பது அவனுக்கும் தெரியும். ஆனால் அவன் முறை வரும்போதெல்லாம் அது அக்கரையில்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிடக்கும். அதன் வீடே அங்கேதான் என்று நினைத்திருந்தான். நாற்பது முதுகுகளுக்குப் பின்னால் நின்றவனுக்கு, முன்னால் தினமும் பெரியநாச்சி முதலையோடு மல்லுக்கட்டியது எப்படித் தெரியும்?

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் மறுபடியும் சேறு, மறுபடியும் "தள்ளுடா". அவன் காலைத் தூக்கினான். தண்ணீரைப் பார்த்து, "அண்டம் கிண்டம் அவரைப் பிண்டம், ஓடு!" என்று கத்தினான்.

தண்ணீரில் மிதந்த கட்டை ஒன்று கண்ணைத் திறந்தது.

"நீதானா அது?" என்றது கட்டையன், ரொம்ப ஆசையாக. "புலியைப் பாறையாக்கினியாமே. என்னையும் ஆக்கேன். எனக்கு ஒரே முதுகுவலி. பாறைக்கு வலிக்காதாமே."

"இ... இன்னைக்கு நாள் சரியில்ல" என்றான் துணுக்கன்.

"பரவாயில்ல, காத்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே முதலை பக்கத்தில் வந்தது. மந்திரம் வருமோ என்று ஒரு கணம் பார்த்தது. வரவில்லை. லபக்கென்று அவன் பின்னங்காலைக் கவ்வியது.

"ஐயோ! எனக்கு மந்திரமே தெரியாது!" என்று துணுக்கன் அலறினான்.

கரையில் எல்லோரும் உருகிப்போனார்கள். எவ்வளவு பெரிய சாமி, எவ்வளவு அடக்கம் என்றது காட்டெருமை. முள்ளம்பன்றி அழுதேவிட்டது.

"இலவங்காய் தானா வெடிக்குது! முன்னாடியே எனக்குச் சத்தம் கேக்கும்!"

மந்திர ரகசியத்தையே நம்மிடம் சொல்கிறாரே என்று கோரையன் நெஞ்சில் கால் வைத்துக்கொண்டது. துணுக்கனோ இடுப்பளவு தண்ணீருக்குள் போய்விட்டான். பொய்யை அவ்வளவு சுலபமாக நம்பியவர்கள், உண்மையை மட்டும் நம்ப மறுத்தார்கள். அவனுக்கு அழுகை பீறிட்டது.

"அது புலி இல்ல! வெறும் பாறை! தினமும் அதுக்கு மேலதான் நான் புழுக்கை போடுறேன்!"

காட்டெருமைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. தினமும் இரண்டு வேளை கும்பிட்ட பாறையாயிற்றே.

பெரியநாச்சி அதற்குமேல் நிற்கவில்லை. தடதடவென்று ஓடிவந்து, தும்பிக்கையால் முதலையின் மண்டையில் ஓங்கி ஒன்று வைத்தாள். கட்டையன் வாயைத் திறந்தது. வழக்கம்போல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அக்கரைக்கு நீந்தியது. துணுக்கனை அவள் ஈரத்துணியைப் போலத் தூக்கிக் கரையில் போட்டாள்.

"எதுக்குடா இந்த வேலை?" என்று கேட்டாள்.

துணுக்கன் விம்மினான். "தாகம், நாச்சியம்மா. என் முறை வரப்போ சேறுதான் இருக்கு."

பெரியநாச்சி திரும்பி, பின்னால் நின்ற நீண்ட வரிசையைப் பார்த்தாள். கடைசி ஆளுக்கு என்ன மிஞ்சுகிறது என்று முதல் ஆளான அவளும் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

"இதை வாயைத் தொறந்து சொல்லியிருந்தா, அன்னைக்கே தந்திருப்பேனே!" என்றாள்.

மறுநாளிலிருந்து யானை முதலையை விரட்டியதும் குட்டிப் பிராணிகள்தான் முதலில் குடித்தன. துணுக்கன் நொண்டிக்கொண்டே போய் வயிறு முட்டக் குடித்தான். தலையை நிமிர்த்தியபோது எங்கோ ஓர் இலவங்காய் டப் என்று வெடித்தது. காடு மொத்தமும் அவன் பக்கம் திரும்பியது.

"சத்தியமா நான் இல்ல!" என்று சொல்லிவிட்டு அவன் மறுபடியும் குடிக்கக் குனிந்தான்.

இல்லாத வல்லமையைக் காட்டிப் பிடித்த இடம், அந்த வல்லமை தேவைப்படும் நாளில் நம்மையே விழுங்க வரும்.