பந்தியில் ஒரு மீசைக்காரர்

கோயம்புத்தூரில் குழலி என்றொருத்தி, இரண்டு வருஷம் உழைத்து நத்தையை வைத்து ஒரு கைப்பேசி விளையாட்டு செய்தாள். அதை வெளியிட வேண்டிய அம்பலவாணனுக்கோ வாரத்துக்கு ஒரு ஆசை, அதற்கு ஒரு மெயில். நத்தை ஓடணும் என்பார். ஓடவிட்டால், பறக்கணும் என்பார்.

ஒருநாள் மீசையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "நத்தை குதிரையாட்டம் ஓடணும், ஆனா மெதுவாப் போற மாதிரியே தெரியணும். வெள்ளிக்கிழமைக்குள்ள முடியலைன்னா வேற ஆள்கிட்ட குடுத்துருவேன்."

"சரிங்க சார்" என்று வீட்டுக்குப் போனவள், கொதிப்பையெல்லாம் கொட்டித் தனக்கென்று ஒரு குட்டி விளையாட்டு செய்தாள். பந்தியில் ஒரு மீசைக்காரர். ரசம் ஊற்றினால் பாயசம் கேட்பார். பாயசம் வந்தால் அதில் மிளகு கேட்பார். ஆடுகிறவர்தான் சமையல்காரர்.

அலுவலகத்தில் ஒரு தோழிக்கு அதை அனுப்பினாள்; வெள்ளிக்கிழமை அலுவலகமே அதை ஆடிக்கொண்டிருந்தது. அம்பலவாணனும் வாங்கி ஆடி, ஒன்பது முறை தோற்றார்.

"யாரும்மா இந்த ஆளு? சொன்னதையே மாத்திட்டிருந்தா எவனால சமைக்க முடியும்?"

"அவர் பேசுறதெல்லாம் நீங்க அனுப்பின மெயில்தானுங்க சார். நத்தைக்குப் பதிலா ரசம்னு போட்டேன், அவ்வளவுதான்."

அம்பலவாணன் கைப்பேசியைப் பார்த்தார், தன் மீசையைத் தொட்டுப் பார்த்தார். கடைசியில் அவரே சிரித்துவிட்டார்.

"நத்தை நத்தையாவே போகட்டும். இதையும் வெளியிடுவோம். அந்த மீசையை மட்டும் கொஞ்சம்..."

எல்லோரும் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.