பன்றி சொன்ன வேண்டாம்

தொப்பையன் என்ற காட்டுப்பன்றி, குளம் வற்றிப்போன தன் காட்டை விட்டு, ஏழு மலை தாண்டிப் பனிக்காட்டுக்குக் குடிவந்தது. வாயில் ஒரு மூட்டை. அதற்குள் ஊரிலிருந்து கொண்டுவந்த ஐந்து பனங்கிழங்கு. விருந்தாளி யாராவது வந்தால் வேண்டுமே என்று அதைத் தொடாமல் வைத்திருந்தது.

வந்த அன்றே கிழங்கு தோண்டப் பார்த்தது. தரை பனியில் கல்லாக இறுகிக் கிடந்தது. மூக்கு வீங்கியதுதான் மிச்சம்.

பனிக்காட்டு விலங்குகள் நல்லவை. தினமும் சாயங்காலம் குளக்கரையில் கூடி, சேர்த்து வைத்ததைப் பகிர்ந்து சாப்பிடும்.

"புது ஆளா? வாங்க! பருப்பு சாப்பிடுறீங்களா?" என்று கேட்டது அணில்.

தொப்பையனுக்கு எச்சில் ஊறியது. ஆனால் கேட்டவுடன் வாங்கிவிட்டால் சாப்பாட்டுக்கு அலைகிறது என்று நினைக்கமாட்டார்களா? அதன் காட்டில் விருந்தாளி மூன்று தடவை மறுக்க வேண்டும். நாலாவது தடவை வீட்டுக்காரர் இழுத்து உட்கார வைத்து ஊட்டியே விடுவார். அதுதான் மரியாதை!

"ஐயோ, வேண்டாங்க! இப்பதான் சாப்பிட்டேன்."

"சரி!" என்று அணில் பருப்பை மான் பக்கம் தள்ளிவிட்டது.

ஒரே ஒரு தடவை! அவ்வளவுதானா? தொப்பையன் திகைத்துப்போனது.

மறுநாள் மான் ஆப்பிளை நீட்டியது. "வயிறு ஃபுல்லுங்க!" என்றது தொப்பையன். அந்த வயிறு பயங்கரமாக உறுமியது.

"இடி இடிக்குதே!" என்று மான் வானத்தைப் பார்த்தது.

பத்து நாளில் தொப்பையனுக்குப் பெயரில் மட்டும்தான் தொப்பை இருந்தது. "கல்நெஞ்சக்காரங்க! இன்னொரு தடவை கேட்டா வாய் தேஞ்சிடுமா?" என்று குகைக்குள் படுத்து அழுதது. அடுத்த நாள் எழுந்திருக்கவே தெம்பில்லை. பாவம், செத்துவிடுவோம் என்றே நினைத்தது.

ஆளைக் காணோமே என்று குளக்கரைக் கூட்டத்திலிருந்து வாத்து தேடி வந்தது. வீடு தேடி வந்தவரை வெறும் வாயோடு அனுப்ப முடியுமா? தொப்பையன் தட்டுத் தடுமாறி எழுந்து மூட்டையைப் பிரித்தது.

வாத்து ஒரு கிழங்கைத் தின்றது. "நல்லா இருக்கு. போதும்."

"கூச்சப்படாதீங்க!" இரண்டாவது கிழங்கு அலகுக்குள் போனது.

"வேண்டாம்!"

"சும்மா சொல்றீங்க!" மூன்றாவதும் போனது.

"நிஜமாவே வேண்டாம்!"

"எனக்குத் தெரியாதா!" நாலாவது.

வாத்துக்குத் தொண்டையில் நார் சிக்கியது. பறந்து தப்பிக்கப் பார்த்து, தொப்பென்று விழுந்தது. "யோவ்! வேண்டாம்னா வேண்டாம்தான்யா!"

தொப்பையன் வாயைப் பிளந்தது. "அப்போ நான் சொன்னதையும் நிஜம்னு நம்பிட்டீங்களா?"

"பின்னே, பொய்யா சொன்னே?"

"பத்து நாளா பட்டினி!" என்று ஓவென்று அழுதது தொப்பையன்.

வாத்து ஐந்தாவது கிழங்கை எடுத்து அதன் வாயில் திணித்தது. "முதல்ல நீ தின்னு!"

அன்று சாயங்காலம் அணில் வழக்கம்போலக் கேட்டது. "பருப்பு?"

"வேண்டா..." என்று ஆரம்பித்தது தொப்பையன். வாத்து முறைத்தது. "இல்லை, வேணும்! நிறைய வேணும்! அந்த ஆப்பிளும் வேணும்!"

அணில் சந்தோஷமாக அள்ளி அள்ளிக் கொடுத்தது. தொப்பை பழையபடி வளர்ந்துவிட்டது. வாத்து மட்டும் இன்றைக்கும் தொப்பையன் வீட்டுக்குள் நுழையும்போது அலகை இறக்கைக்குள் மறைத்துக்கொள்கிறது!

புதிதாகக் குடிபோன ஊரில் பசித்தால் பசிக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், நம் வயிற்றுக்குள் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.