வடிவு கட்டின கடைசி நூல்

ஒரு ஊர்ல, ஒரு கண்ணாடிப் புட்டிக்குள்ள, இன்னொரு ஊர் இருந்துச்சு. அந்த ஊர் முழுக்க ஈஸ்ட்டு. ஈஸ்ட்டுன்னா தெரியும்ல அம்மாளு? பன்னு பொசுபொசுன்னு உப்புறதுக்கு மாவுல போடுவாங்களே, அதுதான். கண்ணுக்கே தெரியாது, அத்தனூண்டு உருண்டை. அதுக்கு மூக்கு கிடையாது, நாக்கு கிடையாது. ஆனா பக்கத்துல சர்க்கரை வந்தா உடனே தெரிஞ்சுக்கும். தீர்ந்துபோனாலும் தெரிஞ்சுக்கும்.

"நாக்கு இல்லாம எப்படித் தாத்தா?"

அதையேதான் வடிவும் கேட்டா. புட்டி இருந்த காலேஜ்ல ஆராய்ச்சி பண்ணின பொண்ணு அவ. முழுப்பேரு செண்பகவடிவு. நீ என் விரலைப் புடிச்சுக்கோ, கதை நீளம். "ம்" மட்டும் கொட்டு.

"ம்."

ஒவ்வொரு ஈஸ்ட்டுக்குள்ளயும் ஆயிரக்கணக்குல குட்டிக் குட்டி வேலைக்காரங்க இருக்காங்க. புரதம்னு பேரு. சில பேரு வாசல்ல நின்னு சர்க்கரை வருதான்னு பார்ப்பாங்க. சில பேரு உள்ள அடுப்படியில எரியவிடுறதும் அணைக்கிறதுமா இருப்பாங்க. யாருக்கும் பேச வாயில்ல. ஒருத்தர் கையை ஒருத்தர் புடிச்சாத்தான் சேதி போகும். இவரு அவரைப் புடிக்க, அவரு அடுத்தவரைப் புடிக்க, சேதி சரசரன்னு வாசல்லேருந்து அடுப்படி வரைக்கும் போயிடும்.

யாரு யாரு கையைப் புடிக்கிறாங்கன்னு படம் போடுறதுதான் வடிவுக்கு வேலை. சுவத்துல பெரிய தெர்மோகோல் அட்டை. ஒரு புரதத்துக்கு ஒரு குண்டூசி. ரெண்டு பேரு கை கோக்குறாங்கன்னு தெரிஞ்சா, ரெண்டு ஊசிக்கும் நடுவுல ஒரு சிவப்பு நூல். நாலு வருஷத்துல நூத்திப் பன்னெண்டு நூல் கட்டிட்டா. ஆனா அட்டைக்கு நடுவுல மட்டும் ஒரு காலியிடம். இந்தப் பக்கம் வாசக்காரங்க, அந்தப் பக்கம் அடுப்படிக்காரங்க, நடுவுல ஒரு நூல் கூட இல்ல.

வாசல் பக்கத்துக் கடைசி ஊசிக்கு வடிவு மொட்டையன்னு பேரு வெச்சிருந்தா. அடுப்படிப் பக்கத்து முதல் ஊசிக்கு நெட்டையன். இந்த ரெண்டு பேரும்தான் கை கோக்கணும்னு அவளுக்கு நிச்சயமாத் தோணுச்சு. ஆனா தோணினா நூல் கட்ட முடியாது. பார்த்தாத்தான் கட்டலாம்.

அப்போ அங்க தலைவரா இருந்தவங்க மங்கையர்க்கரசி மேடம். அட்டை முன்னாடி வந்து நின்னாங்க.

"இது ஒரு படம் இல்ல வடிவு, ரெண்டு அரைப்படம். மூணு தடவை சோதனை பண்ணிப் பாரு. மூணாவதுலயும் வரலைன்னா அட்டையைப் பிரிச்சிட்டு மேசையைக் காலி பண்ணிடு. வேற பொண்ணு காத்திட்டிருக்கா."

நாலு வருஷ வேலை, அம்மாளு. மூணே மூணு தட்டுல நிக்குது.

"ம்."

எப்படிப் பார்ப்பாங்கன்னா, வட்டமா ஒரு தட்டு. அதுல கடல்பாசி போட்டுக் காய்ச்சின கஞ்சி. ஆறினா ஜெல்லி மாதிரி உறைஞ்சுடும். அதைக் காய்ச்சுறவரு பவுல்ராஜ் அண்ணன். ஆள் உயரக் குக்கர் வெச்சிருப்பாரு, புஸ்ஸ்ஸுன்னு ஆவி விடும். கஞ்சியில சர்க்கரை தாராளமா இருக்கும். ஆனா ஒரே ஒரு சத்தை மட்டும் வேணும்னே போடமாட்டாங்க. அந்தச் சத்து இல்லாம ஈஸ்ட்டு வளராது.

இப்ப தந்திரத்தைக் கேளு. ஈஸ்ட்டுக்குள்ள மொட்டையனும் நெட்டையனும் கை கோத்தா, ஒரு சுவிட்ச் "டக்"குனு விழுற மாதிரி வடிவு செஞ்சு வெச்சிருந்தா. சுவிட்ச் விழுந்தா, இல்லாத சத்தை ஈஸ்ட்டே செஞ்சுக்கும், வளரும். கை கோக்கலைன்னா தட்டு காலி. தட்டோட இடப்பக்கம் ரெண்டு பேரும் இருக்கிற ஈஸ்ட்டு. வலப்பக்கம் சாட்சிக்கு, மொட்டையன் மட்டும் தனியா இருக்கிற ஈஸ்ட்டு. தனியா இருக்கிறவன் யாரு கையைப் புடிப்பான்? அதனால வலப்பக்கம் வளரவே கூடாது.

முதல் தட்டு. மூணு நாள் கழிச்சுத் திறந்தா, இடமும் காலி, வலமும் காலி. வழிச்சு நக்கின இலை மாதிரி இருந்துச்சு.

"உன் ஈஸ்ட்டு சோம்பேறியா, நீ சோம்பேறியா?"ன்னு கேட்டுட்டு மேடம் போயிட்டாங்க.

அப்புறம் ரெண்டாவது தட்டு. திறந்தா, குபுகுபுன்னு வெள்ளை வெளேர்னு வளர்ந்து கிடக்கு. மேடம் இடப்பக்கத்தைப் பார்த்ததுமே, "கட்டு நூலை. ஜெயிச்சுட்ட"ன்னு சிரிச்சாங்க. வடிவு நூலைக் கையில எடுத்துட்டா. ஊசி வரைக்கும் கை போயிடுச்சு. அப்போ வலப்பக்கம் கண்ணு போச்சு. அங்கயும் குபுகுபு.

"தாத்தா, வலப்பக்கம் வளரக்கூடாதுல்ல?"

கூடாது. மேடம் பார்க்கலை. வடிவு பார்த்துட்டா. பேசாம கட்டியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஆனா அவ நூலைக் கீழ வெச்சுட்டு, "மேடம், சாட்சியும் வளர்ந்திருக்கு. இது பொய்த் தட்டு"ன்னு சொன்னா.

மேடம் சிரிப்பு நின்னுபோச்சு. "அப்ப ரெண்டு போச்சு. பாக்கி ஒண்ணு."

அப்புறம் வடிவு நேரா குக்கர் ரூமுக்குப் போனா. பவுல்ராஜ் அண்ணன் அவ முகத்தைப் பார்த்ததுமே ஸ்டூலை விட்டு எழுந்துட்டாரு.

"திட்டாத தாயி. நான்தான் போட்டேன்."

"எதைப் போட்டீங்க?"

"அந்த இல்லாத சத்தை. ஒரு சிட்டிகைதான். போன தட்டு காலியா வந்துச்சுல்ல, நீயும் மூணு நாளா சாப்பிடலை, அதுவும் சாப்பிடலைன்னு மனசு கேக்கலை."

"அண்ணே, அது பட்டினி கிடந்தாத்தான் எனக்கு விடை கிடைக்கும்."

"என்ன பட்டினி? கிலோக்கணக்குல சர்க்கரை கொட்டச் சொல்ற. தின்னுட்டுக் காலை ஆட்டிட்டுக் கிடக்கு. வயிறு நிறைஞ்சவன் எவன் போய் அடுத்தவன் கையைப் புடிப்பான்?"

வடிவு அப்படியே நின்னுட்டா. குக்கர் புஸ்ஸுங்குது, அவளுக்குக் காதுல விழலை.

"அண்ணே, கடைசியாச் சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க."

"சத்தைப் போட்டது தப்புதான்னு..."

"அது இல்ல. வயிறு."

"வயிறு நிறைஞ்சவன் எவன் கையைப் புடிப்பான்னேன்."

அதுதான் விஷயம். சர்க்கரை தீர்ந்தாத்தானே அடுப்படிக்குச் சேதி சொல்லணும்? கஞ்சி நிறைய சர்க்கரையைப் போட்டுட்டு, பசிச்சா என்ன செய்வேன்னு கேட்டா அது என்ன சொல்லும்? நாலு வருஷமா விருந்துப் பந்தியில நின்னு பசியைப் பத்திக் கேட்டிருக்கா.

"மூணாவது தட்டு காய்ச்சுங்கண்ணே. சத்து கிடையாது. சர்க்கரையும் கால்வாசிக்குக் கால்வாசி. கூடவே, பழையபடி சர்க்கரை நிறைஞ்சது ஒண்ணு. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கலாம்."

"பாவம் தாயி அது."

"பாவம் பார்க்காதீங்க."

"ம்" எங்க அம்மாளு?

"ம்ம்."

முதல் நாள் ஒண்ணுமில்ல. ரெண்டாவது நாள் ஒண்ணுமில்ல. மூணாவது நாளும் காலி. பசியில மெதுவாத்தான் வளரும், அது வடிவுக்குத் தெரியும். மேடத்துக்கும் தெரியும். ஆனாலும் மேடம் ஒரு காலி அட்டைப்பெட்டியைக் கொண்டாந்து மேசை மேல "தொப்"புனு வெச்சுட்டுப் போனாங்க. வடிவு அதைத் தள்ளவும் இல்ல, அதுல ஒரு சாமானும் போடலை.

நாலாவது நாள் காலையில வெயில் சன்னல் வழியா மேசை மேல விழுது. வடிவு தட்டைத் தூக்கி வெளிச்சத்துல புடிச்சா. இடப்பக்கம், ரவை தூவின மாதிரி, பொடிப்பொடியா வெள்ளைப் புள்ளி. ஒண்ணு, ரெண்டு, பத்து, எண்ணவே முடியலை. வலப்பக்கம் துடைச்சுவிட்ட மாதிரி காலி. சர்க்கரை நிறைஞ்ச தட்டை எடுத்துப் பார்த்தா, ரெண்டு பக்கமும் காலி.

பசிச்சப்போ மொட்டையன் நெட்டையன் கையைக் கெட்டியாப் புடிச்சிருக்கான். வயிறு நிறைஞ்சதும் விட்டிருக்கான்.

மேடம் வந்தாங்க. இந்தத் தடவை முதல்ல வலப்பக்கத்தைத்தான் பார்த்தாங்க. அப்புறம் இடம். அப்புறம் மறுபடியும் வலம். ஸ்டூலை இழுத்துப் போட்டு, "ஏறு, நான் புடிச்சுக்குறேன்"னாங்க.

வடிவு ஏறினா. "பவுல்ராஜ் அண்ணனைக் கூப்பிடுங்க"ன்னா. அவரு கையைத் துடைச்சுக்கிட்டே ஓடி வந்தாரு. மொட்டையன் ஊசியில நூலோட ஒரு முனையை அவரு அமுக்கிப் புடிச்சாரு. நெட்டையன் ஊசியில இன்னொரு முனையை வடிவு முடிச்சுப் போட்டா. நூத்திப் பதிமூணாவது நூல்.

அப்புறம் வாசல்ல இருக்கிற முதல் நூலை ஒரு விரலால சுண்டினா. டொய்ங். அந்த நூல் ஆடுச்சு, அடுத்தது ஆடுச்சு, புது நூல் ஆடுச்சு, அடுப்படியில இருக்கிற கடைசி நூல் வரைக்கும் டொய்ங் டொய்ங்னு நடுங்குச்சு. அட்டை மொத்தமும் ஒரே படம்.

மேடம் அந்தக் காலிப் பெட்டியைத் தூக்கி வெளியே வெச்சாங்க. "இந்த மேசை உனக்குப் பத்தாது வடிவு. பக்கத்து மேசையையும் எடுத்துக்கோ"ன்னாங்க.

"எனக்கு?"ன்னாரு பவுல்ராஜ் அண்ணன்.

"உங்களுக்கு ஒரு பூட்டு. அந்தச் சத்து டப்பாவுக்கு"ன்னா வடிவு.

மூணு பேரும் சிரிச்ச சிரிப்புல ஸ்டூல் ஆடிப்போச்சு.

"தாத்தா... இப்ப அவங்க ரெண்டு பேரும் கை புடிச்சிருப்பாங்களா?"

பசிச்சா புடிப்பாங்க, நிறைஞ்சா விட்டுடுவாங்க. நீ பால் குடிச்சிட்டேல்ல? அப்ப என் விரலை விடலாம்.

"ம்..."

பாரு, தானாவே விட்டுட்ட. சேதி அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்தாச்சு, கதையும் போய்ச் சேர்ந்தாச்சு. தூங்கு.