குழந்தைவேல் தோற்ற ஆட்டம்

குழந்தைவேலுக்கு ஐம்பத்தாறு வயதில் ஒரு குரு கிடைத்தார். குருவுக்கு வயது முப்பத்தொன்று. குழந்தைவேலின் வீட்டு மாடியில் குடியிருந்த ஜெசிந்தா. கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவர்.

பீளமேட்டில் பம்ப் கம்பெனி வைத்திருந்த குழந்தைவேலுக்கு அந்தக் கோடையில்தான் இதய அறுவை சிகிச்சை நடந்தது. கொஞ்ச காலம் கம்பெனிப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் சாவியை வாங்கிக்கொண்டான். வீட்டில் உட்கார்ந்தவருக்கு, பாலிடெக்னிக்கில் கூடப் படித்தவர்கள் ஞாயிறு மாலைகளில் ஆன்லைனில் போக்கர் என்ற சீட்டாட்டம் ஆடுவது தெரியவந்தது. காசு கிடையாது. பணத்துக்குப் பதிலாகச் செயலி சும்மா தருகிற சிப்ஸ் வில்லைகள்தான். ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு, போனிலேயே பேசிச் சிரித்தபடி ஆடுவார்கள்.

திரையில் தெரியும் அந்த ஆட்ட மேஜையில் ரங்கராஜும் இருந்தார்.

ஒரு காலத்தில் இருவரும் சேர்ந்துதான் கம்பெனியைத் தொடங்கினார்கள். பிறகு பிரிந்தார்கள். பிரிந்த நாளிலிருந்து பேச்சில்லை. கல்யாண வீட்டில் ஒருவர் பந்தியில் உட்கார்ந்தால் மற்றவர் அடுத்த பந்திக்குக் காத்திருப்பார்.

குழந்தைவேல் மெல்லப் படியேறி மாடிக்குப் போனார்.

"அம்மணி, நீ வெளிநாட்டுல படிக்கையில போக்கர் ஆடிக் கப்பெல்லாம் வாங்கினியாமே. எனக்குச் சொல்லித் தரோணும்."

"எதுக்குங்ணா?"

"ஒருத்தனைத் தோக்கடிக்கோணும். ஒரே ஒரு தடவை போதும்."

"காசு வெச்சு ஆடுவீங்களா?"

"சத்தியமா இல்ல."

"சரி, உக்காருங்ணா."

ஆட்டத்தின் விதிகளை ஒரு காப்பி குடித்து முடிப்பதற்குள் ஜெசிந்தா சொல்லிவிட்டார். ஆளுக்கு இரண்டு சீட்டு, அடுத்தவர் கண்ணில் படாது. நடுவில் ஐந்து சீட்டு, எல்லோருக்கும் பொது. அவை கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் சிப்ஸைப் போட்டுத் தொடரலாம், அல்லது கையிலிருப்பதைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். கடைசியில் யாருடைய சேர்க்கை உசத்தியோ, குவிந்ததெல்லாம் அவருக்கு.

முகம் தெரியாத ஆட்கள் ஆடும் ஒரு இலவச மேஜையில் குழந்தைவேலின் பெயர் ஏறியது. முதல் சீட்டு வந்தது. ஒரு ஏழு, ஒரு இரண்டு. ஜெசிந்தா கையை நீட்டிக் கவிழ்த்தார். அடுத்து ஒரு ராஜா, ஒரு மூன்று.

"ராஜா வந்திருக்கு அம்மணி!"

ஜெசிந்தா அதையும் கவிழ்த்தார். அதற்கடுத்ததையும் கவிழ்த்தார். வெயில் ஜன்னலைத் தாண்டி உள்ளே வரும்வரை இதுவே நடந்தது.

"நான் எப்பத்தான் ஆடறது?" என்று கேட்டார் குழந்தைவேல்.

"இத்தனை நேரம் என்னங்ணா பண்ணீங்க?"

குழந்தைவேலுக்குக் கோபம் வந்தது. ஆனால் மறுநாளும் படியேறினார். கவிழ்க்கப் பழகிய பிறகு அவருக்கு வேறொரு குறை வந்தது.

"என்ற சீட்டு எனக்குத் தெரியுது. மத்தவங்க கையில என்ன இருக்குதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

ஜெசிந்தா எழுந்து போனார். மோட்டார் வயருக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்போடு திரும்பி வந்தார். ஒரு துண்டு கிழித்து, போன் திரையில் குழந்தைவேலின் சீட்டு தெரியும் இடத்தில் ஒட்டினார்.

"இப்ப ஆடுங்ணா."

"என்ற சீட்டே தெரியலியே!"

"ஆமாங்ணா."

வேறு வழியில்லாமல் மற்றவர்களைப் பார்த்தார். ஒருவர் எப்போதும் சட்டென்று சிப்ஸைப் போட்டார். ஒரு பெண், வெகுநேரம் யோசித்துப் போட்டால் நல்ல சீட்டு வைத்திருந்தார். இன்னொருவர் தோற்றதற்கு அடுத்த ஆட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் அள்ளி வைத்தார். அவரைப் பார்த்துக் குழந்தைவேல் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

டேப்பை எடுத்த அன்று குழந்தைவேல் சொன்னார்:

"அம்மணி, என்ற சீட்டைப் பார்த்ததும் மத்தவங்களைக் காணோம்."

ஜெசிந்தா டேப்பை மறுபடி அவர் கையில் கொடுத்துவிட்டு விடைத்தாள்களைத் திருத்தப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. குழந்தைவேல் குளித்து, சட்டை மாற்றி, முன்னறையில் உட்கார்ந்து நண்பர்களின் மேஜையில் சேர்ந்தார். எல்லோரும் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். ரங்கராஜ் மட்டும் வாய் திறக்கவில்லை.

குழந்தைவேல் கவிழ்த்தார். பார்த்தார். மறுபடி கவிழ்த்தார். மஸ்கட்டில் இருந்த நண்பர், "இவன் ஆட வந்தானா, எங்களை வேடிக்கை பாக்க வந்தானா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். குழந்தைவேலுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒரு ஆட்டத்தில் அவருக்கு இரண்டு ஏஸ் வந்தன. அதற்கு மேல் உசத்தியான தொடக்கம் கிடையாது. மற்றவர்கள் ஒதுங்கிவிட, ரங்கராஜ் தன்னிடமிருந்த சிப்ஸ் முழுவதையும் நடுவில் வைத்தார். குழந்தைவேலும் வைத்தார். இருவர் சீட்டும் திறந்தன. ரங்கராஜிடம் இரண்டு ஒன்பது.

நடுவில் நான்கு சீட்டு விழுந்துவிட்டது. எதுவும் ரங்கராஜுக்கு உதவவில்லை. இனி இன்னொரு ஒன்பது வந்து மூன்றாகச் சேர்ந்தால்தான் இரண்டு ஏஸை வெல்ல முடியும்.

ஐந்தாவது சீட்டு திறந்தது. ஒன்பது.

போனில் ஒரே கூச்சல். குழந்தைவேலின் சிப்ஸ் மொத்தமும் ரங்கராஜின் பக்கம் நகர்ந்தது. குழந்தைவேல் மைக்கை அணைத்தார். போனைப் பிடித்தபடியே படியேறினார்.

"அம்மணி, நான் எங்க தப்புப் பண்ணினேன்?"

"என்ன வந்துச்சுங்ணா?"

"ரெண்டு ஏஸ். அவன்கிட்ட ரெண்டு ஒம்போது."

"கடைசிச் சீட்டு?"

"ஒம்போது."

ஜெசிந்தா சிரித்துவிட்டார். "நாளைக்கு இதே சீட்டு வந்தா என்ன பண்ணுவீங்க?"

குழந்தைவேல் யோசித்தார். "இதையேதான் பண்ணுவேன்."

"நானும் அதையேதாங்ணா பண்ணுவேன்."

"அப்ப நான் ஆடினது சரியா?"

"சரி."

"தோத்துட்டனே!"

"ஆமா. தோத்தீங்க."

குழந்தைவேல் நாற்காலியில் உட்கார்ந்தார். ஜெசிந்தா விடைத்தாளுக்குத் திரும்பினார். குழந்தைவேல் தானாகப் பேசத் தொடங்கினார்.

"நானும் ரங்கனும் பிரியறதுக்கு முந்தி வருசா வருசம் வறட்சி. போர் போடாத தோட்டமே கெடையாது. நாங்க செய்யறதுக்கு முன்னால மோட்டார் வித்துப் போயிரும். அடுத்த கோடைக்குன்னு ரங்கன் ஊர்ப்பட்ட மோட்டாரைச் செஞ்சு அடுக்கினான். சித்திரை பொறந்ததும் மழை புடிச்சுது பாரு. கொளம், கெணறு எல்லாம் ததும்புச்சு. ஒரு மோட்டார் போகல. கம்பெனியே படுத்துருச்சு."

ஜெசிந்தாவின் பேனா நின்றது.

"அத்தனை ஆளுக முன்னால அவனை, உனக்கெல்லாம் எவன்டா தொழில் சொல்லிக் குடுத்தான்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுட்டே போனான்." குழந்தைவேல் கையிலிருந்த போனைப் பார்த்தார். "மழை வரும்னு எனக்கும்தான் தெரியாது அம்மணி."

ஜெசிந்தா திருத்திய தாளை மூடி வைத்தார். அடுத்த தாளை எடுத்தார்.

மேஜையில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. குழந்தைவேலுக்குச் சிப்ஸ் இல்லாததால் வெறுமனே பார்க்க மட்டும் முடியும். அவர் மைக்கைத் திறந்தார்.

"ரங்கா."

பேச்செல்லாம் நின்றது.

"அந்த வருசம் நானா இருந்தாலும் மோட்டாரை அடுக்கித்தான் இருப்பேன்டா. நீ பண்ணினது சரிதான். உன்னைப் பேசினதுதான் தப்பு."

யாரோ ஒருவர் வீட்டில் மிக்ஸி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் நின்றது. பிறகு ரங்கராஜின் குரல் வந்தது.

"படியேறினா மூச்சு வாங்குதா?"

"முன்ன மாதிரி இல்ல. பரவால்ல."

"ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தேன். உம்பட பையன் கார் நின்னுட்டு இருந்துச்சு. திரும்பிட்டேன்."

"கார் உன்னை என்னடா பண்ணும்? நாளைக்கு வா."

"டேய், யாரோட முறைடா இது? ஆட்டத்தைப் பாருங்கடா" என்று மஸ்கட் நண்பர் கத்தினார்.

மறுநாள் காலையில் ரங்கராஜ் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியவர், கேட்டருகே தண்ணீர்த் தொட்டி மோட்டார் சத்தம் போடுவதைக் கேட்டு, மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு அங்கே போனார். குழந்தைவேலும் பின்னாலேயே போனார். பேரிங் போய்விட்டது என்றார் ஒருவர். இல்லை, ஷாஃப்ட்தான் என்றார் மற்றவர். குழந்தைவேலின் மனைவி தோசையை வார்த்து வைத்துவிட்டு இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது. சாப்பிடும்போதும் அந்த மோட்டாரைப் பற்றித்தான் பேசினார்கள். பழைய கதை எதையும் யாரும் எடுக்கவில்லை. ரங்கராஜ் கிளம்பும்போது மதியமாகிவிட்டது. அடுத்த வாரம் கம்பெனிக்கும் வந்து எட்டிப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் குழந்தைவேல் மாடிக்குப் போனார். ஒரு தூக்குப் போசியில் பணியாரம் கொண்டுபோயிருந்தார். இருவரும் சாப்பிட்டார்கள்.

"அம்மணி, எனக்கு ஒரு சந்தேகம்."

"கேளுங்ணா."

"நேத்து அந்தக் கடைசி ஒம்போது வராம, நான் ஜெயிச்சிருந்தா?"

ஜெசிந்தா இன்னொரு பணியாரத்தை எடுத்துக்கொண்டார்.

"ஜெயிச்சிருந்தா நீங்க மாடிக்கு ஏறி வந்து எதையும் கேட்டிருக்க மாட்டீங்ணா."